பூனையும் புள்ளினமும்

பூனைக்கு மணி கட்டுவது யார் என்னும் வினாவை எழுப்பி, விடை காணாமலே கலைந்து சென்ற எலிகளின் கதையை அறியாதார் நம் நாட்டில் இலர். எலிக்கும் பூனைக்கும் உள்ள பகையைப் பற்றி மனிதர் எத்தனையோ கதைகள் கட்டியிருக்கின்றனர். ஆனால், அதே பூனையின் கூரிய நகத்திற்கு அஞ்சி வாழும் மற்றோர் இனத்தைப் பற்றி நாம் மிகுதியாக எண்ணுவதில்லை. அதுவே நம் தோட்டத்திலும் ஏரிக்கரையிலும் வாழும் புள்ளினம். வீட்டில் வளரும் பூனை வெளியே திரிந்து பறவைகளைப் பிடிக்காமல் தடுப்பது எவ்வாறு என்னும் கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் அதன் பின்னே பல்லாயிரம் ஆண்டு வரலாறு இருக்கிறது. மாணவ நேயர்களே, அவ்வரலாற்றின் சில ஏடுகளை விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தை நடுவாக வைத்து உங்கள் முன் விரிக்க விரும்புகிறேன்.

பூனை மனிதனை அண்டியது உழவுத் தொழில் தோன்றிய பிறகே ஆகும். விளைந்த தானியத்தை மனிதன் சேர்த்து வைத்தான். தானியத்தை நாடி எலி வந்தது. எலியை நாடிப் பூனை வந்தது. மேற்காசியாவில் நிகழ்ந்தது இது. சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முன் புதைக்கப்பட்ட ஒரு மனிதனின் அருகே ஒரு பூனையும் புதைக்கப்பட்டிருந்ததை ஆராய்ச்சியாளர் கண்டு, 2004-ஆம் ஆண்டில் உலகிற்கு அறிவித்தனர். அத்தீவில் இயற்கையாகப் பூனை இருந்ததில்லை. ஆகவே, கடல் கடந்து அதனைக் கொண்டு சென்றவன் மனிதனே என்பது தெளிவு. பின்னர் எலித்தொல்லை மிகுந்த கப்பல்களில் பூனைக்கும் ஓர் இடம் கிடைத்தது. கப்பல் சென்ற துறைமுகங்களுக்கெல்லாம் பூனையும் சென்றது. நாயைப் போலன்றி, பூனை தன் வேட்டைக் குணத்தைச் சிறிதும் விடாமலே மனையில் குடிபுகுந்தது என்பதை இங்கு நாம் நினைவில் வைத்தல் வேண்டும்.

பழந்தமிழ்ப் புலவர்கள் இக்குணத்தை நன்கு அறிந்திருந்தனர். காட்டுப் பூனையை அவர்கள் வெருகு என்றனர். மாலைப் பொழுதில் வெருகு வருவது கண்டு அஞ்சிய மனைக்கோழி, தன் குஞ்சுகளைக் கூவி அழைக்கும் காட்சியை ஒக்கூர் மாசாத்தியார் குறுந்தொகையில் தீட்டுகிறார். புறநானூற்றுப் பாட்டு ஒன்றிலும் இத்தகைய காட்சி உண்டு. இரவில் வெருகுக்கு அஞ்சி இளங்கோழி ஒன்று அலறுகிறது. அவ்வேளையில் பஞ்சு நூற்கும் பெண் ஒருத்தியின் சிறிய விளக்கொளியில் தன் சேவலைக் கண்டு அக்கோழி அச்சம் தணிகிறது. காட்டிலிருந்து வந்த பகைக்கு வீட்டுப் பறவை அஞ்சியதையே இப்பாட்டுகள் காட்டுகின்றன. இக்காலத்திலோ நிலை மாறிவிட்டது. வீட்டிலிருந்து புறப்படும் பூனைக்குக் காட்டுப் பறவை அஞ்ச வேண்டியிருக்கிறது.

இனி, நம் வட்டாரத்தைக் காண்போம். சங்க காலத்தில் இப்பகுதி ஓய்மா நாடு எனப் பெயர் பெற்றிருந்தது. இதனை ஆண்ட நல்லியக்கோடனைச் சிறுபாணாற்றுப்படை பாடுகிறது. அந்நூலில் வரும் கிடங்கில் என்னும் ஊர் இன்று திண்டிவனம் நகரின் ஒரு பகுதியாக விளங்குகிறது. எயிற்பட்டினம் என்னும் கடற்கரைப் பட்டினத்தை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் கொள்வர். ஏரியும் வயலும் உப்பளமும் கடலும் அடுத்தடுத்து அமைந்த இந்நிலம் பறவைகளுக்கு ஏற்ற உறைவிடம் என்பதில் ஐயமில்லை. மரக்காணத்திற்கும் வானூருக்கும் இடையே கழுவெளி என்னும் பரந்த நீர்நிலை இருக்கிறது. மழைநீரும் கடல்நீரும் அங்கே கலக்கின்றன. வடபுலத்துக் குளிருக்கு அஞ்சி, மத்திய ஆசியாவைக் கடந்து வரும் வாத்துகளும் உள்ளான்களும் மூக்கன்களும் பனிக்காலத்தில் அங்கே இறங்குகின்றன. பூநாரையும் கூழைக்கடாவும் அங்கே இரை தேடுகின்றன. 2021-ஆம் ஆண்டு டிசம்பரில் தமிழ்நாட்டு அரசு 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின்படி உலகச் சிறப்புடைய ஈரநிலங்களின் வரிசையிலும் கழுவெளி இடம் பெற்றது.

சரணாலயம் என்பது அரசு ஆணையால் மட்டும் உருவாவதன்று. இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. திண்டிவனத்திலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருவழியில் மதுராந்தகத்தைக் கடந்தால், வேடந்தாங்கலுக்குப் பிரியும் பாதை வரும். வேடர் தங்கிய ஊர் என்பதைப் பெயரிலேயே தாங்கிய அச்சிற்றூர், வேட்டையைத் தடுத்ததனாலேயே புகழ் பெற்றது. அங்குள்ள ஏரியில் நீர்க்கடம்ப மரங்கள் நீரிலேயே நிற்கின்றன. அவற்றில் நாரையும் நீர்க்காகமும் அரிவாள்மூக்கனும் ஆண்டுதோறும் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சம் விழுந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை உழவர் கண்டனர். ஆகவே, துப்பாக்கி ஏந்தி வந்தோர் பறவைகளைச் சுடுவதை அவர்கள் எதிர்த்து முறையிட்டனர். 1798-இல் அப்பகுதியின் ஆட்சித் தலைவராய் இருந்த லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று ஏற்றார். 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் அவ்விடம் சரணாலயமாக ஏற்பு பெற்றது. 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பிறப்பதற்கு ஏறத்தாழ 174 ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு சிற்றூர் மக்கள் அச்சட்டத்தின் கருத்தைத் தம் வாழ்வில் கடைப்பிடித்தனர் அன்றோ?

வேடந்தாங்கல் நமக்கு மற்றொரு பாடமும் கற்பிக்கிறது. மரத்தைச் சூழ்ந்து நிற்கும் நீரே அங்குள்ள கூடுகளுக்கு அகழி. நீர் நிறைந்திருக்கும் வரையில் பூனையும் கீரியும் நாயும் மரத்தை அணுக முடிவதில்லை. மழை பொய்த்து ஏரி முன்னதாகவே வற்றினால், அகழி தூர்ந்த கோட்டையைப் போல் அம்மரங்கள் காவல் இழக்கின்றன. துப்பாக்கி ஏந்திய வேடனை ஊரார் கண்டதும் தடுக்கலாம். அவன் வருவது கண்ணுக்குத் தெரியும், அவன் வெடி காதுக்குக் கேட்கும். பஞ்சு போன்ற பாதமுடைய பூனை வருவது பறவைக்கே தெரிவதில்லை. ஊராருக்கு எங்ஙனம் தெரியும்?

ஏரிக்கரையை விட்டு வீட்டுத் தோட்டத்திற்கு வருவோம். அங்கே அகழியும் இல்லை. தையற்சிட்டு தாழ்ந்த செடியின் இலைகளைத் தைத்துக் கூடு அமைக்கிறது. கொண்டைக்குருவி வேலிப் புதரில் முட்டையிடுகிறது. தவிட்டுக்குருவிகள் கூட்டமாகத் தரையில் சருகைக் கிளறுகின்றன. ஆட்காட்டியும் வானம்பாடியும் வெறுந்தரையிலேயே முட்டையிடுகின்றன. இவற்றின் குஞ்சுகளுள் பல, நன்றாகப் பறக்கக் கற்பதற்கு முன்பே கூட்டை விட்டு இறங்கிவிடும். அந்தச் சில நாட்களே அவற்றின் வாழ்வில் மிகுந்த இடர் நிறைந்த காலம்.

திண்டிவனத்தில் உறவினர் ஒருவர் இல்லத்தில் நான் சில நாள் தங்கியிருந்தபோது, நந்தியாவட்டைச் செடியில் தையற்சிட்டு ஒன்று கூடு வைத்திருந்தது. அவ்வீட்டுப் பூனை காலைதோறும் செடியின் அடியில் அமர்ந்து மேலே நோக்கியிருக்கும். அதனை நான் அவ்வீட்டு மூதாட்டியாரிடம் தெரிவித்தேன். “பூனையின் குணம் அது; அதனை வைவதால் பயன் என்ன? குஞ்சு பறக்கும் வரையில் நாம்தான் கதவைச் சாத்தி வைக்க வேண்டும்” என்றார் அவர். அன்று முதல் காலையிலும் மாலையிலும் பூனை அறைக்குள் இருந்தது. தையற்சிட்டின் முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாள். குஞ்சு கூட்டை விட்டுப் பறக்க மேலும் 14 நாள். ஒரு திங்களுக்கும் குறைந்த பொறுமையால் ஒரு குடும்பமே பிழைத்தது. அம்மூதாட்டியார் விலங்கு நூல் எதுவும் கற்றவர் அல்லர். ஆயினும், பூனையிடம் குற்றம் காணாமல், காக்கும் கடமையைத் தம்மிடம் கண்ட அவர் சொல்லை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அக்கடமையை மனிதர் மறந்த இடங்களில் நிகழ்ந்தது என்ன? வரலாறு விடை கூறுகிறது. நியூசிலாந்து நாட்டில் ஸ்டீபன்ஸ் என்னும் சிறு தீவு உண்டு. 1894-இல் அங்கே கலங்கரை விளக்கம் ஒன்று ஒளி பெற்றது. விளக்குக் காவலரோடு பூனையும் தீவில் இறங்கியது. பறக்கும் ஆற்றலற்ற சிறு குருவி ஒன்று அத்தீவில் மட்டுமே எஞ்சி வாழ்ந்திருந்தது. காவலர் லயல் என்பார், பூனை கொன்ற குருவிகளின் உடலை அறிஞருக்கு அனுப்பினார். அதனால் உலகம் அக்குருவியை அறிந்தது. அறிந்த சில ஆண்டுகளிலேயே அவ்வினம் அழிந்தும் போயிற்று. ஒரே ஒரு பூனையே ஓர் இனத்தை முழுவதும் அழித்தது என்று நெடுங்காலம் கதை வழங்கி வந்தது. 2004-இல் பழைய கடிதங்களை ஆராய்ந்தோர், பூனை தீவில் பெருகியதனாலேயே அழிவு நேர்ந்தது என்று காட்டினர். வரலாறு பயிலும் மாணவர் இதனை உன்னுதல் நன்று. சுவையான கதை எப்போதும் முழு உண்மை ஆகாது. ஆயினும் இங்கே உண்மை, கதையை விடக் கொடியது. பெருகவிட்ட பூனைகளை அத்தீவிலிருந்து நீக்க 1925 வரையில் ஆயிற்று.

தென்னாப்பிரிக்காவிற்குத் தெற்கே நெடுந்தொலைவில் உள்ள மரியன் தீவில் நிகழ்ந்ததும் இத்தகையதே. வானிலை நிலையத்தில் சுண்டெலித் தொல்லை மிகுந்தது என்று 1949-இல் ஐந்து பூனைகளை அங்கே கொண்டு சென்றனர். 1977-க்குள் அவை ஏறத்தாழ 3,400 ஆகப் பெருகின. ஓர் ஆண்டில் அவை கொன்ற கடற்பறவைகள் சுமார் 4,50,000 என்று கணக்கிட்டனர். 1991-இல் கடைசிப் பூனையும் நீக்கப்பட்டது. ஆனால் சுண்டெலிகள் நீங்கவில்லை. பிற்காலத்தில் அவை அல்பட்ராஸ் என்னும் பெரும் பறவையின் குஞ்சுகளையே கடித்துக் கொல்லத் தொடங்கின. ஓர் உயிரை ஓரிடத்திற்குக் கொண்டு செல்வது எளிது. அதன் விளைவை மாற்றுவது அரிது. தலைமுறைகள் கடந்தும் அதன் கணக்குத் தீர்வதில்லை.

விழுப்புரமும் திண்டிவனமும் தீவுகள் அல்லவே என்று சிலர் வினவலாம். உண்மைதான். நம் நாட்டுப் பறவைகள் வெருகோடும் கீரியோடும் பாம்போடும் பல்லாயிரம் ஆண்டு பழகியவை. ஆயினும் வெருகுக்கும் வீட்டுப் பூனைக்கும் பெரியதொரு வேற்றுமை உண்டு. இரை குறைந்தால் வெருகின் எண்ணிக்கையும் குறையும். அது இயற்கையின் கட்டளை. வீட்டுப் பூனைக்கோ பாலும் சோறும் மீனும் நாம் இடுகிறோம். பறவை குறைந்தாலும் பூனை குறைவதில்லை. வயிறு நிறைந்த பூனையும் அசையும் சிறகைக் கண்டால் பாயும். பசி வேறு, வேட்டை வேட்கை வேறு. அகன்ற கண்டமாகிய அமெரிக்காவைப் பற்றி 2013-இல் வெளியான ஆய்வொன்று, அந்நாட்டில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுதோறும் 130 கோடி முதல் 400 கோடி வரையிலான பறவைகளைக் கொல்வதாக மதிப்பிட்டது. அவற்றுள் பெரும்பங்கு வளர்ப்பார் அற்ற பூனைகளால் நேர்வது என்பதும் அவ்வாய்வின் முடிவு. குட்டிகளைச் சாக்கில் கட்டி ஏரிக்கரையிலோ சந்தைத் திடலிலோ விட்டுவரும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதனை இரக்கம் என்று எண்ணுவோர், அக்குட்டிக்கும் அங்குள்ள பறவைக்கும் ஒருங்கே தீங்கு இழைக்கின்றனர் என்பதை உணர்தல் வேண்டும்.

ஆயின் பூனையை வெறுத்தல் வேண்டுமோ? வேண்டா. நெற்குதிரையும் தானியக் கிடங்கையும் எலியிடமிருந்து காத்த நன்றி பூனைக்கு நாம் பட்டுள்ள கடன். அதனைத் துன்புறுத்துவது அறமும் அன்று, சட்டமும் அன்று. நம் தமிழகத்து ருக்மிணி தேவி அருண்டேல் நாடாளுமன்றத்தில் முன்னின்று எழுப்பிய முயற்சியின் பயனாக, விலங்குகளை வதைத்தலைத் தடுக்கும் சட்டம் 1960-இல் இயற்றப்பட்டது. அச்சட்டம் பூனைக்கும் காவல். 1972-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டுப் பறவைக்கும் வெருகுக்கும் காவல். இரு சட்டங்களும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. எலியைப் பிடிக்கும் பூனை கிடங்கினுள்ளே இரவில் இருந்தால் போதும். விடியற்காலையில் வேலிப்புதரில் அதற்கு அலுவல் ஏதும் இல்லை. வயலில் எலி பிடிக்கும் பணியைக் கூகை நன்றாகவே ஆற்றுகிறது.

அங்ஙனமாயின் செய்யத்தக்கது யாது? முதலில், பழைய கதையின் மணியைப் பற்றிக் கூறுகிறேன். மணி கட்டிய பூனை பிடிக்கும் பறவைகள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைந்தன என்று பிரிட்டனில் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் நடந்த ஓர் ஆய்வு கண்டது. 2021-இல் அங்கேயே வெளியான மற்றோர் ஆய்வில் மணியால் குறிப்பிடத்தக்க பயன் தென்படவில்லை. ஆகவே, மணியை மட்டும் நம்பியிருத்தல் கூடாது. அவ்வாய்வில் வேறு வழிகள் நற்பயன் தந்தன. பளிச்சென்ற வண்ணத் துணிப்பட்டையைக் கழுத்தில் அணிவித்தபோது, பூனை வீட்டிற்குக் கொண்டுவந்த பறவைகள் 42 விழுக்காடு குறைந்தன. பறவையின் கண் நிறத்தை எளிதில் காணும் என்பதே காரணம். இறைச்சி மிகுந்த உணவிட்டபோது பூனை கொண்டுவந்த இரை 36 விழுக்காடு குறைந்தது. நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் கயிற்றில் இறகு கட்டி அதனோடு விளையாடியபோது 25 விழுக்காடு குறைந்தது. கழுத்துப்பட்டை எங்கேனும் சிக்கினால் தானே கழன்றுவிடுவதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் பூனைக்கு அது சுருக்குக் கயிறாகும்.

எனினும் கதவைச் சாத்துவதற்கு இணையான காவல் பிறிதில்லை. ஆஸ்திரேலியத் தலைநகராகிய கான்பராவில், 2022 ஜூலை முதல் நாளுக்குப் பின் பிறந்த பூனைகளை வீட்டெல்லைக்குள்ளேயே வைத்தல் வேண்டும் என்று சட்டம் செய்தனர். நம் ஓட்டு வீடுகளிலும் திறந்த முற்றங்களிலும் நாள் முழுதும் பூனையை அடைத்தல் அரிதாகலாம். விடியலிலும் அந்தியிலும், குஞ்சு இறங்கும் நாட்களிலும் அடைத்து வைத்தல் எவருக்கும் இயலும். கூடுள்ள மரத்தின் அடிப்பகுதியில் வழவழப்பான தகரத்தைச் சுற்றிப் பொருத்தினால் பூனை ஏற இயலாது. பறவைக்கு நீர் வைக்கும் கலத்தைப் புதரருகே வைக்காமல், வெட்ட வெளியில் உயர்ந்த இடத்தில் வைத்தல் நலம். கால்நடை மருத்துவரிடம் காட்டிப் பூனைக்குக் கருத்தடை செய்வித்தால், ஏரிக்கரையில் விடுவதற்குக் குட்டியே இராது. இவற்றுள் எதுவும் பெரும் பொருட்செலவு உடையதன்று. நாள்தோறும் நினைவு வைத்தலே இதற்கு வேண்டும் முதல்.

சிட்டுக்குருவியை நம் முன்னோர் அடைக்கலங்குருவி என்று அழைத்தனர். வீட்டு இறப்பில் கூடு வைத்த சிறு பறவையை அடைக்கலம் புகுந்த உயிராகக் கருதியதால் எழுந்த பெயர் அது. அடைக்கலம் அளித்த வீட்டிலேயே அதற்குப் பகையையும் வளர்த்துவிட்டு, காவாமல் இருத்தல் நமக்கு ஏற்றதன்று. சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிச் சரணாலயத்தை அடுத்துள்ள கொள்ளுகுடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகத் தீபாவளியிலும் வெடி வெடிப்பதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை வரும் மகிழ்ச்சியையே அவர்கள் துறந்திருக்கின்றனர். நாம் காலையில் ஒரு நாழிகை கதவைச் சாத்தி வைத்தல் அரிய செயலோ?

மாணவ நேயர்களே, வேடந்தாங்கல் உழவர் முறையிட்டபோது அவர்கள் எதிர்த்தது வெளியிலிருந்து வந்த வேடனை. இன்று கழுவெளியின் கரையிலும் கிடங்கில் தெருக்களிலும் நாம் தடுக்க வேண்டிய வேடன் நம் மடியில் உறங்குகிறான். அவனிடம் துப்பாக்கி இல்லை. தன் செயலை அறியும் அறிவும் இல்லை. ஆகவே அவனுக்காக நாமே அறிதல் வேண்டும். பூனைக்கு மணி கட்டுவது யார் என்று எலிகள் கேட்டபோது விடை கிடைக்கவில்லை. எலிகளுக்கு அது இயலாத செயல். பறவைகளுக்காக அக்கேள்வியைக் கேட்டால் விடை எளிது. பூனைக்குப் பால் வார்ப்பவர் எவரோ, அவரே மணியும் கட்டக் கடவர். உரிய வேளையில் கதவையும் சாத்தக் கடவர்.